பாடி ஒன்று, சேஸி வேறு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய நான்கு சக்கர இயக்க வண்டி ஒன்றின் பாடியை வேறொரு வண்டியின் சேஸியில், அதாவது அடிச்சட்டத்தில், அமர்த்துவது பற்றிப் பல கடிதங்கள் சேர்ந்துவிட்டதால், இந்த முறை வேறு எதையும் தொடாமல் அவற்றுக்கு மட்டுமே பதில் எழுதுகிறேன். வேலை முடிந்த பிறகு வந்த புகார்களைவிட, வேலையைத் தொடங்குமுன் வந்த கேள்விகள் அதிகம் என்பது எனக்கு மிகவும் மகிழ்ச்சி தருகிறது. இந்த வேலையில் வெட்டிய பிறகு திருத்துவது அரிது.

கேள்வி: என்னிடம் 1968-ஆம் ஆண்டின் லேண்ட் ரோவர் சீரிஸ் 2ஏ வண்டி இருக்கிறது, வீல்பேஸ் 88 அங்குலம். அலுமினியப் பாடி நல்ல நிலையில் உள்ளது, சேஸியோ துருவேறி உளுத்துப் போய்விட்டது. ஓடும் நிலையிலுள்ள பழைய ரேஞ்ச் ரோவர் ஒன்றின் சேஸி, எஞ்சின், கியர்பாக்ஸ், அச்சுகளோடு கிடைத்திருக்கிறது. சேஸியை 12 அங்குலம் குறுக்குவதா, பாடியை 12 அங்குலம் நீட்டுவதா?

பதில்: இரண்டில் ஒன்றைச் செய்தே ஆக வேண்டும் என்ற முடிவுக்கு வந்துவிட்டீர்கள் என்று தெரிகிறது. அந்த முடிவைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, அளவுகளை முதலில் பார்ப்போம்.

உங்கள் வண்டியின் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரம், 2,235 மில்லிமீட்டர். 1970-இல் வெளிவந்த முதல் தலைமுறை ரேஞ்ச் ரோவரில் அது 100 அங்குலம், அதாவது 2,540 மில்லிமீட்டர். வித்தியாசம் 305 மில்லிமீட்டர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. நீங்கள் குறிப்பிடாத இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஒரே அச்சிலுள்ள இரண்டு சக்கரங்களின் நடுக்கோடுகளுக்கு இடைப்பட்ட அகலம் சீரிஸ் வண்டியில் 51½ அங்குலம், ரேஞ்ச் ரோவரில் 58½ அங்குலம். அதனால் ஒவ்வொரு பக்கமும் டயர் ஏறத்தாழ 89 மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிற்கும். மட்கார்டுக்கு வெளியே டயர் தெரிவதைப் பல நாடுகளின் சாலை விதிகள் ஏற்பதில்லை. ஏற்றாலும், சக்கரம் வாரி அடிக்கும் சேறும் கல்லும் கதவிலும் கண்ணாடியிலும் வந்து விழும். 1983-இல் வந்த லேண்ட் ரோவர் ஒன் டென் வண்டியும் அடுத்த ஆண்டு வந்த நைன்டி வண்டியும் ஏறக்குறைய இதே பழைய பாடி அமைப்பை அகலமான அச்சுகளின் மீது சுமந்தவை. அவற்றின் சக்கர வளைவுகளின் மேல் புருவம் போல ஒட்டப்பட்டிருக்கும் கறுப்புப் பட்டைகள் இந்தக் குறையை மறைக்க வந்தவையே. நீங்களும் அப்படிப்பட்ட பட்டைகளைப் பொருத்த வேண்டியிருக்கும்.

இப்போது வெட்டும் விஷயம். சேஸியைக் குறுக்கினால் குறைகிற 305 மில்லிமீட்டரும், பின் அச்சுக்கு விசையைக் கொண்டுசெல்லும் பிராப்பெல்லர் ஷாஃப்டின் கணக்கிலேயே கழியும். ஏனெனில் எஞ்சினும் கியர்பாக்ஸும் முன் அச்சை ஒட்டித் தங்கள் இடத்திலேயே இருக்கின்றன, பின் அச்சு மட்டும் முன்னே வருகிறது. கணக்குக்காக, டிரான்ஸ்ஃபர் கேஸின் (விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டியின்) வாய்க்கும் பின் அச்சின் நடுவிலுள்ள டிஃபரென்ஷியலின் வாய்க்கும் உயர வித்தியாசம் 200 மில்லிமீட்டர் என்றும், கிடைத்தூரம் 900 மில்லிமீட்டர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஷாஃப்டின் சாய்வு சுமார் 12½ பாகை. கிடைத்தூரத்தில் 305 போய் 595 ஆனதும் அதே உயர வித்தியாசத்துக்குச் சாய்வு 18½ பாகையைத் தாண்டிவிடுகிறது. இது வண்டி சமதளத்தில் நிற்கும்போதுள்ள நிலை. ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது சாய்வு இன்னும் கூடும். ஷாஃப்டின் முனையிலுள்ள, கிராஸ் என்று நாம் சொல்லும் யுனிவர்சல் ஜாயின்டின் ஆயுள் இங்கேதான் குறைகிறது. சாலையில் வேகம் எடுத்தவுடன் தரையிலிருந்து உடம்புக்கு ஏறும் அதிர்வும் பெரும்பாலும் இங்கிருந்தே பிறக்கிறது. வீல்பேஸ் குறைந்த வண்டி பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் கூடுதலாக அமுங்கும், பின்பக்கம் கூடுதலாக இலகுவாகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ரேஞ்ச் ரோவரின் பிரேக்குகள் அதன் எடைக்கும் நீளத்துக்கும் பொருந்த அமைக்கப்பட்டவை. அவற்றை இலகுவான, குட்டையான வண்டியில் அப்படியே விட்டுவிட்டால், ஈரச் சாலையில் பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

பாடியை நீட்டுவதும் எளிதல்ல. சரக்கு ஏற்றும் பின்பக்கத் தொட்டியின் உட்புறத்திலுள்ள சக்கரப் பெட்டிகளைப் பின்னே நகர்த்த வேண்டும், கதவுக்கும் சக்கர வளைவுக்கும் இடையிலுள்ள தகட்டைப் புதிதாகச் செய்ய வேண்டும், கூரை இருந்தால் அதுவும் நீள வேண்டும். செய்து முடித்தவர்கள் பலர் உண்டு, அவற்றில் அழகாக வந்தவையும் உண்டு. ஆனால் ஒரு 88 அங்குலப் பாடி அந்தக் கணத்தில் இல்லாமல் போகிறது.

என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். பாடியை வெட்டாதீர்கள். இரண்டு வண்டிகளில் மீண்டும் கிடைக்காதது பாடிதான். சேஸி இன்னொன்று கிடைக்கும், தேவையானால் புதிதாகவும் செய்யலாம். எனவே இந்த வேலையில் விட்டுக்கொடுக்க வேண்டிய தரப்பு எப்போதும் சேஸியாகவும், அதன்மேல் நீங்கள் அமைக்கும் தாங்கிகளாகவும் இருக்க வேண்டும். பாடியில் ஏற்கெனவே உள்ள துளைகளில் போல்ட் இறங்க வேண்டும். நாளை யாராவது இதைக் கழற்றிப் பழைய சேஸி வடிவத்தின் மீதே வைக்க விரும்பினால் ஒரு வார இறுதியில் வைத்துவிட முடிய வேண்டும்.

அப்படிப் பார்த்தால் உங்களுக்கு நான் சொல்லும் வழி மூன்றாவது ஒன்று. சீரிஸ் பாடிக்கு உரிய தாங்கிகளையும், காயில் ஸ்பிரிங் (சுருள்வில்) அச்சுகளை ஏற்கும் இருக்கைகளையும் ஒரே சட்டத்தில் கொண்ட புதிய சேஸிகளைத் துத்தநாக முலாம் பூசிச் செய்துதரும் தொழிற்கூடங்கள் இருக்கின்றன. அப்படி ஒன்றை வாங்கி, உங்களுக்குக் கிடைத்திருக்கும் ரேஞ்ச் ரோவரின் அச்சுகளையும் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் அதில் ஏற்றுங்கள். செலவு கூடும். ஆனால் வெட்டும் ஒட்டும் இல்லாத நேரான சட்டம் ஒன்று கிடைக்கிறது, பாடி முழுமையாகத் தப்புகிறது. நைன்டி வண்டியின் சேஸி கிடைத்தாலும் யோசிக்கலாம். பெயரில் 90 இருந்தாலும் அதன் உண்மையான வீல்பேஸ் 92.9 அங்குலம், ஆகவே உங்கள் பாடிக்கும் அதற்கும் உள்ள இடைவெளி சுமார் 125 மில்லிமீட்டர்தான். அந்த 125 மில்லிமீட்டர் முன்னே விழுகிறதா பின்னே விழுகிறதா என்பதை அளந்து பார்த்த பிறகு முடிவெடுங்கள். உங்களிடம் இருப்பது 109 அங்குல வண்டியாக இருந்திருந்தால் நான் தயங்காமல் ஒன் டென் சேஸியைத் தேடச் சொல்லியிருப்பேன். அங்கே வித்தியாசம் ஒரே ஓர் அங்குலம்.

கேள்வி: அளப்பதை எங்கிருந்து தொடங்க வேண்டும்? பம்பரிலிருந்தா, அச்சிலிருந்தா?

பதில்: பல்க்ஹெட்டிலிருந்து. எஞ்சின் அறையையும் ஓட்டுநரின் கால்களையும் பிரித்து நிற்கும் அந்த இரும்புச் சுவரில்தான் ஸ்டீயரிங் தண்டும் பெடல்களும் கதவுக் கீல்களும் முன் கண்ணாடிச் சட்டமும் தொங்குகின்றன. சீரிஸ் வண்டிகளில் மற்ற பெரும்பாலான தகடுகள் பர்மாபிரைட் என்னும் அலுமினியக் கலப்புலோகத்தால் ஆனவை என்றாலும் பல்க்ஹெட் இரும்பாலானது. அதன் இரண்டு பாதங்களும் சேஸியின் பக்கவாட்டுக் கைகளின் மீது அமர்கின்றன. அது அமரும் இடம் முடிவானதும் மற்றவை எல்லாம் அதற்குக் கட்டுப்பட்டவை.

நான் பின்பற்றும் வரிசை இதுதான். சேஸியைச் சமமான தரையில் நான்கு ஸ்டாண்டுகள் மீது நிறுத்தி, ரசமட்டம் வைத்து இரு திசையிலும் மட்டம் பார்க்கிறேன். பிறகு நூலில் தொங்கும் தூக்குகுண்டைச் சேஸியின் முக்கியமான துளைகளிலிருந்து இறக்கி, அது தொடும் புள்ளிகளைத் தரையில் சுண்ணாம்புக்கோட்டால் குறிக்கிறேன். சேஸியை நகர்த்திய பிறகும் அதன் வரைபடம் முழு அளவில் தரையில் இருக்கும். மூலைவிட்டங்களை இரு பக்கமும் அளந்தால் சேஸி கோணியிருக்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும். இரண்டுக்கும் 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தச் சேஸியின் மீது நான் எதையும் வைப்பதில்லை. பழைய சேஸியையும் இப்படியே தரையில் இறக்குங்கள். உளுத்துப்போனதென்று அதை முன்கூட்டியே அப்புறப்படுத்திவிடுபவர்கள் பாடியின் தாங்கிகளுக்கான ஒரே நம்பகமான அச்சுப்படியைத் தொலைத்துவிடுகிறார்கள்.

இரண்டு வரைபடங்களும் தரையில் இருக்கும்போது, முன் அச்சின் கோட்டை ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திப் பல்க்ஹெட் பாதங்கள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். முன் சக்கரம் மட்கார்டு வளைவின் நடுவே நிற்க வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரியும் நிபந்தனை. ஆனால் அதே இடத்தில் எஞ்சினின் பின்பக்கமும் கியர்பாக்ஸின் தோளும் பல்க்ஹெட்டில் முட்டாமல் இருக்க வேண்டும் என்பதே பெரும்பாலும் வேலையைத் தீர்மானிக்கிறது. இரண்டும் ஒத்துவராத சேஸியை அந்தத் தரைக்கோட்டிலேயே நிராகரித்துவிடலாம். அதுவரை நீங்கள் செலவிட்டது சுண்ணாம்பும் ஒரு பகல் பொழுதும் மட்டுமே.

உயரத்தை மறந்துவிடாதீர்கள். சேஸியின் மேல்விளிம்பு ஓர் இரும்புத் தண்டவாளம் போல நேராகச் செல்வதில்லை. அச்சுகளுக்கு மேலே வளைந்து எழுந்து மீண்டும் தாழ்கிறது. பாடியின் தரை அந்த வளைவுகளில் தட்டுகிறதா என்று பார்க்க, காயில் ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு அச்சை ஜாக்கியால் தூக்கி, அதன் தடுப்பு ரப்பரில் முட்டும்வரை ஏற்றுங்கள். பிறகு ஒரு பக்கத்தை மட்டும் ஏற்றி மறுபக்கத்தை இறக்குங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுவதும் திருப்புங்கள். டயர் எங்கே உரசுகிறது என்பது ஸ்பிரிங் இல்லாமல் செய்யும் இந்தச் சோதனையில்தான் தெரியும்.

கேள்வி: ஒரு பழைய வண்டியை இப்படி மாற்றுவது அதற்குச் செய்யும் அவமதிப்பு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பதில்: லேண்ட் ரோவரின் முதல் மாதிரி வண்டியே இன்னொரு வண்டியின் சேஸியில்தான் பிறந்தது. 1947-இல் ரோவர் நிறுவனத்தின் மாரிஸ் வில்க்ஸ் முன்னின்று செய்வித்த அந்த முன்மாதிரி, போரில் உழைத்த ஜீப்பின் சேஸியையும் அச்சுகளையும் கொண்டு கட்டப்பட்டது. வில்லிஸ் ஜீப்பின் வீல்பேஸ் 80 அங்குலம். 1948 ஏப்ரல் இறுதியில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான முதல் லேண்ட் ரோவரின் வீல்பேஸும் 80 அங்குலம். ஆகவே பாடியை இடம் மாற்றுவது இந்த வண்டிகளின் வரலாற்றுக்கு அந்நியமான செயல் அல்ல.

ஆனால் உங்கள் நண்பர்களின் கவலையை நான் முழுவதும் தள்ளிவிடவும் மாட்டேன். சேஸி, எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் தொழிற்சாலையை விட்டு வந்தபோது இருந்தபடியே ஒன்றாக நிற்கும் வண்டிகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகின்றன. உங்கள் வண்டி அப்படிப்பட்டதாக இருந்தால், சேஸியைப் பழுதுபார்த்தோ அதே வடிவில் புதிது வாங்கியோ அதை அப்படியே காப்பாற்றுங்கள். சேஸியை இழந்து, உறுப்புகளும் பிரிந்து, பாடி மட்டும் எஞ்சிய வண்டிக்கே இந்த வேலை தகும்.

கேள்வி: டொயோட்டா எஃப்ஜே40 பாடியை 80 வரிசை லேண்ட் குரூசர் சேஸியில் வைக்க விரும்புகிறேன். இரண்டும் ஒரே நிறுவனத்தின் வண்டிகள் என்பதால் எளிதாக இருக்குமா?

பதில்: ஒரே நிறுவனம் என்பதால் கிடைக்கும் வசதி மிகச் சிறியது. எஃப்ஜே40-இன் வீல்பேஸ் 2,285 மில்லிமீட்டர், 80 வரிசையில் 2,850. நடுவில் 565 மில்லிமீட்டர் இருக்கிறது. சேஸியின் நேரான பகுதி ஏறத்தாழ முழுவதையும் எடுத்துவிடும் அளவு. அத்தனையையும் எடுத்துக் குறுக்கியவர்கள் உண்டு. அப்படிச் செய்யும்போது மிஞ்சுவது இரண்டு வளைவுகளும் ஒன்றையொன்று நெருங்கிய ஒரு சட்டம். பின் அச்சின் கைகள் பிணையும் இடங்களையும் எரிபொருள் தொட்டியையும் சைலன்சரையும் புதிதாக இடம் தேடி வைக்க வேண்டும். உங்கள் ஆசை லீஃப் ஸ்பிரிங்கின் (பட்டைவில்லின்) குலுக்கலிலிருந்து விடுபடுவது மட்டும் என்றால், எஃப்ஜே40-இன் சேஸியை வைத்துக்கொண்டு அதில் காயில் ஸ்பிரிங் அச்சுகளைப் பொருத்துவது இதைவிடச் சிறிய வேலை, இதைவிடப் பாதுகாப்பானதும்கூட. இந்தப் பாடி முழுவதும் இரும்பு என்பதால் தரையடித் துருவையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். தாங்கி உட்காரும் இடங்களே உளுத்திருந்தால் எந்தச் சேஸியும் அதைத் தாங்காது.

கேள்வி: ஜீப் சிஜே-7, ரேங்ளர் டிஜே இரண்டுக்கும் வீல்பேஸ் ஒன்றுதானே? பாடியைத் தூக்கி வைத்தால் முடிந்ததல்லவா?

பதில்: வீல்பேஸ் இரண்டிலும் 93½ அங்குலத்தை ஒட்டியே இருக்கிறது என்பது சரி. அதிலிருந்து சக்கரங்கள் வளைவுகளின் நடுவே நிற்கும் என்பதை மட்டுமே எதிர்பார்க்கலாம். 1976-இல் வந்த வண்டிக்கும் 1997 மாடலாக வந்த வண்டிக்கும் இடையே லீஃப் ஸ்பிரிங் போய்க் காயில் ஸ்பிரிங் வந்துவிட்டது. சட்டத்தின் அகலம், தாங்கிகளின் இடம், ஸ்டீயரிங் தண்டு இறங்கும் வழி எல்லாவற்றையும் தனித்தனியாக அளந்தாக வேண்டும். வெட்ட வேண்டிய தேவை இல்லாததே உங்களுக்குக் கிடைத்திருக்கும் பெரிய நன்மை. அந்த நன்மையை வைத்துக்கொண்டு தாங்கிகளை மட்டும் பொறுமையாகச் செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் பட்டறைக்காரர் சேஸியை நேராக வெட்டி, நேராக வைத்து வெல்டிங் செய்து, மேலே ஒரு தகடு அடித்துவிட்டால் போதும் என்கிறார். போதுமா?

பதில்: போதாது. அவரிடம் இதைப் பணிவோடும் உறுதியோடும் சொல்லுங்கள்.

சுமையோடு நிற்கும் வண்டியில் இரண்டு அச்சுகளுக்கு நடுவிலுள்ள சேஸி கீழ்நோக்கித் தொய்ய முயல்கிறது. அதனால் மேல்தகடு நெரிபடுகிறது, கீழ்த்தகடு இழுபடுகிறது. கரடுமுரடான பாதையில் இதோடு முறுக்கலும் சேர்கிறது. செங்குத்தாக ஒரே கோட்டில் வெட்டி ஒட்டினால் இழுவிசை முழுவதும் வெல்டிங்கின் ஒரே கோட்டில் விழுகிறது. அதற்கு மேலே செவ்வகத் தகட்டை அடித்தால் தகடு முடியும் விளிம்பில் கெட்டியான பகுதியும் மெல்லிய பகுதியும் திடீரென்று சந்திக்கின்றன. விரிசல் பெரும்பாலும் அந்த விளிம்பில்தான் பிறக்கும். ஆகவே வெட்டு படிபோல மடிந்து செல்ல வேண்டும், மேலேயும் கீழேயும் வெட்டுக்கோடுகள் ஒன்றின்கீழ் ஒன்றாக வரக் கூடாது. உள்ளே இறுக்கமாக நுழையும் சட்டத்துண்டு ஒன்றை வைத்து, வெளியே அடிக்கும் தகடுகளின் முனைகளைச் சாய்சதுரமாகக் கூர்மைப்படுத்த வேண்டும். அப்போது விசை ஓர் இடத்தில் தேங்காமல் சிறிது சிறிதாகப் பரவிச் செல்லும். சேஸி வளையும் இடத்திலும், ஸ்பிரிங் இருக்கை, அச்சின் கைகள், ஸ்டீயரிங் பாக்ஸ் ஆகியவை பிணையும் இடங்களின் அருகிலும் வெட்டு வரவே கூடாது.

முதலில் புள்ளிப் புள்ளியாக ஒட்டி, மூலைவிட்டங்களைத் திரும்ப அளந்து, பிறகு இரு பக்கமும் மாறி மாறிச் சிறு நீளங்களாக வெல்டிங்கை நிரப்ப வேண்டும். ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு மறுபக்கத்துக்குப் போனால் சூட்டில் சேஸி கோணிவிடும். துத்தநாக முலாம் பூசிய சேஸி என்றால் வெல்டிங் செய்யும் பகுதியில் முலாமை முழுவதும் உராய்ந்து நீக்கிவிடுங்கள். அது எரிந்து வரும் வெண்புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் நடுக்கமும் காய்ச்சலும் வரும். எரிபொருள் தொட்டியைக் கழற்றி வேலையிடத்திலிருந்து தொலைவில் வையுங்கள், பேட்டரியின் இணைப்பையும் எடுத்துவிடுங்கள். இந்த ஒரு வேலையைச் சட்ட வெல்டிங்கில் தகுதி பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும். நான் என் வண்டிகளில் எத்தனையோ பிராக்கெட்டுகளை என் கையால் ஒட்டியிருக்கிறேன். முதன்மைச் சட்டத்தின் இணைப்பை ஒருமுறைகூட நானே ஒட்டியதில்லை.

கேள்வி: புதிய சேஸியில் ஸ்டீயரிங் பாக்ஸ் வேறிடத்தில் இருக்கிறது. தண்டை வெட்டி நீட்டி வெல்டிங் செய்யலாமா?

பதில்: வேண்டாம். சீரிஸ் வண்டிகளில் ஸ்டீயரிங் பாக்ஸ் பல்க்ஹெட்டின் அருகே இருந்து, நீண்ட கம்பி வழியாக முன் குறுக்குச் சட்டத்திலுள்ள ரிலே என்னும் இடைக்கருவியைத் திருப்புகிறது. ரேஞ்ச் ரோவரில் பாக்ஸ் சேஸியின் முன்முனையில் இருக்கிறது. இரண்டையும் இணைக்க, பள்ளங்கள் வரித்த தண்டுகளும் அவற்றுக்குப் பொருந்தும் யுனிவர்சல் ஜாயின்டுகளும் கடையில் கிடைக்கும் வடிவிலேயே போதும். இரண்டு ஜாயின்டுகளைப் பயன்படுத்தினால் அவற்றின் கவைகள் ஒரே நிலையில் நிற்க வேண்டும், இரண்டிலும் கோணம் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டீயரிங் ஒரு சுற்றுக்குள்ளேயே ஓரிடத்தில் கனத்தும் ஓரிடத்தில் இலகுவாகவும் திரும்பும். மூன்று ஜாயின்டுகள் தேவைப்பட்டால் நடுத்தண்டைத் தாங்க ஒரு பேரிங் அவசியம். மோதலில் மடங்கிக்கொள்ளும் தண்டு உங்கள் சேஸியோடு வந்திருந்தால் அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். பழைய நேர்த்தண்டைவிட அது ஓட்டுநரின் மார்புக்குப் பல மடங்கு பாதுகாப்பு.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காயில் ஸ்பிரிங் முன் அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பான்ஹார்ட் ராடும், ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியும் ஒன்றுக்கொன்று இணையாகவும் ஏறத்தாழ ஒரே நீளத்திலும் இருக்க வேண்டும். ஸ்டீயரிங் பாக்ஸை ஒரு பிராக்கெட் வைத்து உயர்த்தியோ தாழ்த்தியோ இந்த இணையைக் கெடுத்துவிட்டால், ஒவ்வொரு மேட்டிலும் வண்டி தானாகத் திரும்பப் பார்க்கும்.

கேள்வி: சென்ற ஆண்டு பாடியை மாற்றினோம். பட்டறையில் அழகாக மூடிய கதவுகள், சக்கரத்தில் இறக்கிய பிறகு மேல்மூலையில் இடிக்கின்றன. முன் கண்ணாடியும் கீழ்மூலையிலிருந்து கீறியிருக்கிறது. ஏன்?

பதில்: இதே தவறை என் முதல் வண்டியில் நானும் செய்தேன். சேஸி ஸ்டாண்டுகள் மீது இருக்கும்போதே எல்லா போல்ட்டுகளையும் முழுவதும் இறுக்கிவிட்டேன். சேஸி சக்கரத்தில் இறங்கிச் சுமையை ஏற்றதும் சிறிது தொய்ந்தது; தொய்வோடு பல்க்ஹெட் பின்னுக்குச் சாய்ந்தது, இரண்டு கதவுகளும் சிக்கிக்கொண்டன. கண்ணாடி தப்பியது என் அதிர்ஷ்டம்.

செய்ய வேண்டியது இது. பாடியின் போல்ட்டுகளைப் பல்க்ஹெட் பாதங்கள் உட்பட எல்லா இடத்திலும் தளர்த்துங்கள். எரிபொருளை நிரப்பி, வழக்கமாக ஏற்றும் சுமையை வைத்து, வண்டியைச் சமதளத்தில் சிறிது தூரம் உருட்டி நிறுத்துங்கள். இப்போது ஒவ்வொரு தாங்கிக்கும் பாடிக்கும் இடையே தகடு நுழையும் அளவு இடைவெளி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அந்த இடங்களில் பாடியைப் போல்ட்டால் கீழே இழுக்கக் கூடாது. இடைவெளியின் தடிமனுக்குச் சமமான தகட்டை வைத்து அதை நிரப்ப வேண்டும். கதவின் இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் வந்த பிறகு பல்க்ஹெட்டை முதலிலும், பின்பக்கத் தொட்டியை அடுத்தும், நடுவிலுள்ளவற்றைக் கடைசியிலும் இறுக்குங்கள்.

கண்ணாடி கீறியதற்கு வேறொரு காரணமும் இருக்கலாம். ஏணி வடிவச் சேஸி முறுக்கிக்கொடுக்கும்படியே செய்யப்பட்டது. பாடி அதே அளவு முறுக்கிக்கொடுக்காது. லேண்ட் குரூசர், ரேங்ளர் போன்றவற்றில் இந்த வித்தியாசத்தை ரப்பர் தாங்கிகள் உள்வாங்குகின்றன. அந்த ரப்பர்களை எடுத்துவிட்டு இரும்பின்மேல் இரும்பாக வைத்திருந்தால், சேஸியின் ஒவ்வொரு முறுக்கலும் நேராகக் கண்ணாடிச் சட்டத்துக்குப் போய்ச் சேரும். புதிய ரப்பர்களைப் போட்டு, போல்ட்டின் நடுவே உலோகக் குழாய் ஒன்றை வையுங்கள். ரப்பர் அளவுக்கு மீறி நசுங்காமல் அது காக்கும். அலுமினியப் பாடி இரும்புத் தாங்கியைத் தொடும் இடங்களில் ரப்பரோ நைலான் தகடோ இன்னொரு காரணத்துக்காகவும் தேவை: ஈரம் பட்டால் இரண்டு உலோகங்களுக்கு இடையே மின்வேதி அரிப்பு தொடங்கும், அதில் வெண்பொடியாக உதிர்வது அலுமினியமாகவே இருக்கும்.

கேள்வி: பிரேக் மாஸ்டர் சிலிண்டரைப் பழைய பாடியிலிருந்தே பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. பழைய பாடியோடு வந்தது டிரம் பிரேக்குக்கு உரியது. சேஸியோடு வரும் டிஸ்க் பிரேக்குக்கு அதிக அழுத்தமும், அதைத் தர, மிதிக்கும் விசையைப் பெருக்கும் சர்வோ ஒன்றும் வேண்டும். டிரம்முக்கென்று குழாயில் சிறிது அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு அப்படியே தங்கிவிட்டால் டிஸ்க் உரசிக்கொண்டே சூடேறும். சேஸியோடு வந்த சிலிண்டரையும் சர்வோவையும் பெடலையும் ஒரே தொகுதியாகக் கொண்டுவந்து, பல்க்ஹெட்டின் பின்னே கெட்டியான தகடு வைத்துப் பொருத்துங்கள். பாடியில் புதிய துளை போட நான் சம்மதிக்கும் ஒரே இடம் இதுதான்.

கேள்வி: புதிய எஸ்யூவி ஒன்றின் அடிப்பகுதியைப் பயன்படுத்த முடியுமா?

பதில்: அதில் தனிச் சேஸி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2001-இல் வெளியான மூன்றாம் தலைமுறை ரேஞ்ச் ரோவர் போன்றவற்றில் பாடியே சட்டம். அதைப் பிரித்தால் மிஞ்சுவது உறுப்புகள் மட்டுமே. சுஸுகி ஜிம்னி போன்ற சில வண்டிகள் இன்றும் ஏணிச் சேஸியில் வருகின்றன. ஆனால் புதிய வண்டிகளின் மின்னணுப் பெட்டிகள் ஒன்றையொன்று தேடிக்கொண்டே இருக்கும். ஏர்பேக்கும் சாவிப் பூட்டும் காணாமல் போனதும் எஞ்சினையே கிளப்ப மறுக்கும் வண்டிகள் உண்டு.

கேள்வி: பதிவெண் எந்த வண்டியினுடையது ஆகும்?

பதில்: பெரும்பாலான நாடுகளில் வண்டியின் அடையாளம் சேஸி எண்ணைப் பின்தொடர்கிறது, பாடியை அல்ல. சில இடங்களில் இது புதிதாகக் கட்டிய வண்டியாகக் கருதப்பட்டுத் தனிச் சோதனைக்கு உட்படும். சில இடங்களில் அனுமதியே கிடைக்காது. வெட்டுமுன் பதிவு அலுவலகத்திடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். பழைய சேஸியின் எண்ணை வெட்டி எடுத்துப் புதிய சேஸியில் ஒட்டுவதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். அது பல நாடுகளில் குற்றம். வேலையின் ஒவ்வொரு நிலையையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: வேலை முடிந்துவிட்டது. முதன்முதலாக வெளியே எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: எஞ்சினிலிருந்து சேஸிக்கும், சேஸியிலிருந்து பாடிக்கும் தனித்தனியே எர்த் கம்பி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள், ரப்பர் தாங்கிகளில் அமர்ந்த பாடிக்கு வேறு வழியில் எர்த் கிடைக்காது, விளக்குகள் மங்குவதும் மானிகள் பொய் சொல்வதும் அதனால்தான். பிரேக் குழாய்கள் சக்கரத்தின் முழு இறக்கத்திலும் இழுபடாமல் இருக்கின்றனவா என்பதை இன்னொரு முறை பாருங்கள். பிறகு பாடித் தாங்கிகள், அச்சின் கைகள், ஸ்டீயரிங் பாக்ஸ் ஆகியவற்றின் ஒவ்வொரு நட்டிலும் அதன் கீழுள்ள இரும்பிலும் சேர்ந்தாற்போல் வண்ணத்தால் ஒரு கோடு போடுங்கள்.

முதல் 50 கிலோமீட்டரை மெதுவாக, ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் ஓட்டிவிட்டுத் திரும்பி, எல்லா நட்டுகளையும் டார்க் ஸ்பேனரால் மறுபடி பாருங்கள். 500 கிலோமீட்டரில் வெல்டிங் செய்த இடங்களைத் துடைத்து, விளக்கு வைத்து, தகட்டு முனைகளில் பெயின்ட் மயிரிழையாகக் கீறியிருக்கிறதா என்று தேடுங்கள். விரிசல் முதலில் பெயின்டில்தான் தெரியும். வண்ணக்கோடு எங்காவது விலகியிருந்தால் அந்த நட்டை இறுக்கிவிட்டுப் போய்விடாதீர்கள். அந்தத் தாங்கி ஏன் அசைகிறது என்பதைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகே வண்டியை மீண்டும் வெளியே எடுங்கள்.